வீட்டு வலுப்பயிற்சியும் ரோடு சைக்கிளும்: இரண்டையும் ஒரே வாரத்தில் எப்படி அடக்குவது?

நிதானக்கியர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி. இப்போது ஒரு சிக்கல், அதனால் எழுதுகிறேன்.

வயது 38, எடை 72 கிலோ. மூன்று வருடமாக ரோடு சைக்கிள் ஓட்டுகிறேன், வாரத்தில் நான்கு நாள். செவ்வாய் காலை இன்டர்வெல்: நான்கு நிமிடம் மூச்சு முட்ட, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறை. வியாழன் காலை ஒரு மணி நேரம் டெம்போ, அதாவது விடாமல் ஓரளவு கடினமான ஒரே வேகம். சனிக்கிழமை சும்மா கால் சுற்றல். ஞாயிறு நீண்ட ரைடு, 80 முதல் 100 கிலோமீட்டர். இன்னும் நான்கு மாதத்தில் என் முதல் 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ரைடு) ஓட்ட வேண்டும் என்று ஆசை. பதின்மூன்றரை மணி நேரம் இருக்கிறது, வேகம் பெரிய பிரச்சினை இல்லை. கடைசி 50 கிலோமீட்டரில் உடம்பு உட்கார்ந்துவிடுமோ என்பதுதான் பயம்.

சைக்கிள் மட்டும் போதாது, உடம்புக்கு வலுவும் வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னதால் திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் வீட்டில் உடற்பயிற்சி சேர்த்தேன். போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு 40 நிமிடம். ஜம்ப் ஸ்குவாட், பர்பி, லஞ்ச், மவுண்டன் கிளைம்பர், புஷ்-அப். 30 விநாடி செய், 15 விநாடி நில் என்று போகும். முடிக்கும்போது விரிப்பு நனைந்திருக்கும், நன்றாக உழைத்த திருப்தியும் இருக்கும்.

ஆனால் செவ்வாய் காலை கால் எழவே மாட்டேன் என்கிறது. முன்பெல்லாம் 260 வாட்ஸில் (பெடலில் நான் போடும் பவரின் அளவு) ஐந்து இன்டர்வெல்லையும் முடிப்பேன். இப்போது மூன்றாவதிலேயே 240க்கு இறங்கிவிடுகிறது. இதயத்துடிப்பும் ஏற மாட்டேன் என்கிறது, அதற்கு முன்பே கால் கைவிட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு ஞாயிறு ரைடின் கடைசி ஒரு மணி நேரம் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. அது மட்டும் பழைய கதை, வீட்டுப் பயிற்சிக்கு முன்பிருந்தே உண்டு.

ஜிம்முக்குப் போக வழியில்லை. வீட்டில் இருப்பது 10 கிலோ டம்பெல் இரண்டு, ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட், ஒரு பழைய முதுகுப்பை, ஒரு மர நாற்காலி. இவ்வளவை வைத்துக்கொண்டு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? எந்தெந்த நாளில் செய்வது? இல்லை, பிஆர்எம் முடியும்வரை வீட்டுப் பயிற்சியையே விட்டுவிடலாமா? இன்னொன்று, தொடை பெருத்துப்போய் ஏற்றத்தில் அதுவே சுமையாகிவிடாதா?

பின்சக்கரம் எழுதியது:

நண்பரே, உங்கள் வாரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு நாள்கூடக் காலி இல்லை. சனிக்கிழமை கால் சுற்றலைத்தான் ஓய்வு என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அதற்கு முந்தின நாள் மாலை ஜம்ப் ஸ்குவாட் ஓடுகிறது, மறுநாள் 100 கிலோமீட்டர். இதில் கால் எழவில்லை என்று கேட்டால் கால் என்ன பதில் சொல்லும்?

வீட்டுப் பயிற்சியை விட வேண்டாம். கிழமையை மாற்றுங்கள், பயிற்சியையும் மாற்றுங்கள். பயிற்சியை மாற்றுவதுதான் முக்கியம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 250 வாட்ஸில், நிமிடத்துக்கு 90 சுற்று, 170 மில்லிமீட்டர் கிராங்க் (பெடலைத் தாங்கும் கம்பி). இப்படி மிதிக்கும்போது பெடல்களில் விழும் சராசரி விசை சுமார் 156 நியூட்டன். கிலோவில் சொன்னால் 16. கால் கீழே அழுத்தும் கட்டத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும், மேலே வரும்போது ஒன்றும் இருக்காது. ஆக மொத்தம், நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலால் எழுந்து நிற்பதற்கு உங்களுக்குத் தேவைப்படும் வலுவில் பாதிகூட ஒரு மிதிக்குத் தேவையில்லை. ஆனால் அந்த மிதியை ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 5,400 தடவை மிதிக்கிறது. சின்ன விசையைச் சலிக்காமல் ஆயிரக்கணக்கான தடவை போடுவது, அதுதான் சைக்கிள்.

இப்போது உங்கள் வீடியோவைப் பாருங்கள். எடை இல்லை, ஓய்வு 15 விநாடி, மூச்சு வாங்குகிறது, வியர்வை கொட்டுகிறது. அதுவும் சின்ன விசை, நிறைய தடவைதான். சைக்கிள் ஏற்கெனவே கொடுப்பதையே வீட்டிலும் கொடுக்கிறீர்கள். பேருக்குத்தான் அது வலுப்பயிற்சி, கணக்குப்படி உங்கள் வாரத்தில் இன்னும் மூன்று இன்டர்வெல் நாள் கூடியிருக்கிறது. கால் பலம் கூடாது, களைப்பு மட்டும் கூடும். வியர்வையை வைத்துப் பயிற்சியை எடைபோடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ, நிறைய பேரை அதுதான் கெடுக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது, சைக்கிளால் தர முடியாத வேலை. கனமாக, மெதுவாக, குறைந்த தடவை, நடுவில் தாராளமாக இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. பார்க்கிறவருக்கு நீங்கள் பாதி நேரம் சும்மா நிற்பதாகத் தோன்றும். தோன்றட்டும்.

இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று கெடுக்காதா என்ற கேள்வி பழையது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு வலுப்பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்கு சைக்கிளும் ஓட்டமும் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். பத்து வாரம் நடந்தது. இரண்டும் செய்தவர்களின் கால் பலம் ஏழாவது வாரம் வரை ஏறி, அங்கே நின்று, கடைசி வாரங்களில் இறங்கவே செய்தது. இதைக் காட்டித்தான் ‘கலக்காதே’ என்று பயமுறுத்துவார்கள். அதே ஆய்வின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை: அவர்களின் ஆக்சிஜன் கொள்ளளவு, அதாவது விஓ2 மேக்ஸ், வலுப்பயிற்சியால் கெடவில்லை. அடி வாங்கியது பலம்தான், தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை. அதுவும் வாரம் ஐந்து நாள் எடை, ஆறு நாள் கார்டியோ என்ற அசுரக் கணக்கில். நாம் பளு தூக்கும் போட்டிக்குப் போகப் போவதில்லை. சைக்கிள்காரருக்கு அந்த ஆய்வில் பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் 200 கிலோமீட்டருக்கு இன்னும் நெருக்கமானது நார்வேயில் பென்ட் ரோன்னெஸ்டாட் குழுவினர் செய்த ஆய்வு. நல்ல பயிற்சியில் இருந்த சைக்கிள்காரர்களுக்கு வாரம் இரண்டு முறை கனமான கால் பயிற்சி, 12 வாரம். பிறகு எல்லோரையும் 185 நிமிடம் மிதமாக ஓட்டச் சொல்லிவிட்டு, இறக்கி விடாமல், ஐந்து நிமிடம் முழு மூச்சில் மிதிக்கச் சொன்னார்கள். எடையும் தூக்கியவர்கள் முன்பைவிடக் கூடுதல் பவர் காட்டினார்கள். சைக்கிள் மட்டும் ஓட்டியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு காலில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதானே உங்கள் பயமும்? உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது, 12 வாரம் அதில் நன்றாகவே அடங்கும்.

சரி, கிழமைக்கு வருவோம். வலுப்பயிற்சியைச் செவ்வாய் மாலையும் வியாழன் மாலையும் வையுங்கள். அதாவது கடினமான ரைடு ஓட்டிய அதே நாளில். காலையில் இன்டர்வெல், மாலையில் எடை. கேட்டால் கொடுமையாக இருக்கும். ஆனால் திங்கள், புதன், வெள்ளி மூன்றும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கின்றன. கஷ்டமான நாள் நன்றாகவே கஷ்டமாக இருக்கட்டும், சுலபமான நாள் கலப்படம் இல்லாமல் சுலபமாக இருக்கட்டும். இப்போது உங்களுக்கு ஏழு நாளும் அரைகுறைக் கஷ்டம். திங்கள் மாலை கால்களை அடித்துவிட்டு செவ்வாய் காலை இன்டர்வெல்லுக்குப் போவது, பரீட்சைக்கு முந்தின நாள் வீடு மாற்றுகிற மாதிரி.

காலை ரைடுக்கும் மாலைப் பயிற்சிக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது இருந்தால் நல்லது, நடுவில் சாப்பாடும் ஒழுங்காக இருக்க வேண்டும். புரதம் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு 115 கிராம் வரும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்த நாளானாலும் சைக்கிள் முதலில், எடை பிறகு. உங்களுக்கு முக்கியம் சைக்கிள், களைக்காத கால்களை அதற்குக் கொடுங்கள்.

என்ன செய்வது? நாற்காலி இருக்கிறது என்று சொன்னதுமே சந்தோஷப்பட்டேன். பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் ஒன்றே போதும், பத்து கிலோ டம்பெல்லுக்குப் பெரிய மரியாதை கொடுக்கும் பயிற்சி அது. நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு காலைப் பின்னால் தூக்கி அதன் மேல் பாதத்தின் மேற்புறம் படும்படி வையுங்கள். முன்கால் நாற்காலியிலிருந்து ஒரு பெரிய எட்டு தள்ளி இருக்கட்டும். உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். பின்கால் முட்டி தரையைத் தொடுகிற மாதிரி வர வேண்டும், தொடக் கூடாது. அங்கே ஒரு கணம் நின்று, முன்பாதத்தின் குதிகாலை அழுத்தி எழுங்கள். எடை முழுக்க முன்காலில். பின்கால் சாய்வதற்கு மட்டும்தான், அது தள்ள ஆரம்பித்தால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம். முன்முட்டி உள்பக்கம் சரியாமல் இரண்டாவது கால்விரலைப் பார்த்தபடி இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சரிந்தால் எடையைக் குறையுங்கள். நிலை தடுமாறினால் ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முதல் இரண்டு வாரம் எடை இல்லாமல், காலுக்கு பத்து, இரண்டே செட். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். மறுநாள் பதில் கிடைக்கும். சைக்கிளில் தசை சுருங்கித்தான் வேலை செய்கிறது, பாரத்தோடு நீளும் வேலை அநேகமாகக் கிடையாது. வருடக்கணக்காக ஓட்டிய காலும் இறங்கும்போது பாரம் தாங்குவதில் கற்றுக்குட்டிதான். வலி ஒன்று முதல் மூன்று நாள் வரை நிற்கும். இரண்டு மூன்று முறை செய்த பிறகு உடம்பு பழகி, அதே வேலைக்கு அந்த வலி வராது. மூன்றாவது வாரத்திலிருந்து கையில் டம்பெல், மூன்று செட், செட்டுக்கு எட்டு ரெப் (தடவை). எட்டு முடித்ததும் ‘இன்னும் இரண்டு போடலாம்’ என்ற நிலையில் நிறுத்துங்கள். கால் நடுங்கி விழும்வரை போகவே வேண்டாம். 20 கிலோவும் லேசாகிவிட்டால் முதுகுப்பையை மாட்டி உள்ளே தண்ணீர் பாட்டில் அடுக்குங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசே வேண்டாம். வாய்வரை நிரப்பி மூடுங்கள், அரைகுறையாக இருந்தால் தண்ணீர் அலைந்து உங்களையும் ஆட்டும். எடை கூடக் கூட ரெப்பை ஆறுக்குக் கொண்டுவாருங்கள்.

அதோடு இடுப்பை மடக்கும் ஒரு பயிற்சி: ஒற்றைக்கால் ருமேனியன் டெட்லிஃப்ட், அதாவது இரண்டு கையிலும் டம்பெல்லோடு ஒற்றைக் காலில் நின்று, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது. சைக்கிள் தொடையின் முன்பக்கத்துக்குத் தீனி போடுகிற அளவுக்குப் பின்தொடைக்கும் பிட்டத்துக்கும் போடுவதில்லை. படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக்கால் நுனியில் ஏறி இறங்குவது கெண்டைக்காலுக்கு. மேலுடம்புக்கு புஷ்-அப் ஒன்று, பேண்டைக் கதவில் மாட்டி இழுப்பது ஒன்று. கடைசியாக டெட் பக் (செத்த பூச்சி போல மல்லாந்து படுத்துச் செய்வது), சைட் பிளாங்க் (பக்கவாட்டில் ஒரு முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது). மொத்தம் 40 நிமிடம், அதில் பாதி ஓய்வு. இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள், வீடியோ எத்தனை ஆசை காட்டினாலும்.

தொடை பெருக்கும் கவலையை விடுங்கள். வாரம் ஆறேழு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறவர் தொடை பெருக்க வேண்டும் என்று தவம் கிடந்தாலும் லேசில் பெருக்காது. 

மாலைச்சவாரி எழுதியது:

பின்சக்கரம் சொன்ன கொள்கை சரி, ஆனால் நடைமுறையில் எல்லோருக்கும் ஒரே நாளில் இரண்டு வேளை கிடைக்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் காலை ஒன்று, மாலை ஒன்று என்று கிளம்பினால் அப்புறம் இரண்டுமே நின்றுபோகும். நான் ஓட்டுவதே மாலையில்தான். செவ்வாய் மாலை இன்டர்வெல் முடித்து இறங்கியதும், குளிக்கப் போகும் முன்பே, 20 நிமிடம் எடை. ஸ்பிளிட் ஸ்குவாட் இரண்டு செட், டெட்லிஃப்ட் இரண்டு செட், அவ்வளவுதான். உடம்பு ஏற்கெனவே சூடாக இருப்பதால் வார்ம்-அப் மிச்சம். தூக்கும் எடை கொஞ்சம் குறையும், ஆறு மணி நேர இடைவெளி விட்டுச் செய்கிறவர் அளவுக்குப் பலன் இருக்காது. இருந்தாலும் செய்யாமல் விட்டதைவிட எவ்வளவோ மேல்.

அப்படியும் முடியாவிட்டால் புதன் தனியாக எடை, வியாழனில் டெம்போவுக்குப் பதில் சுலபமான ரைடு. ஆனால் வெள்ளி, சனி மட்டும் வேண்டாம். ஞாயிறு நீண்ட ரைடில் வலிக்கும் தொடையோடு ஏற்றத்தில் நின்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

இரண்டாம்ஆட்டம் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. நான் ஐம்பதைத் தாண்டிய பெண், வெகுகாலமாக சைக்கிள் மட்டுமே ஓட்டிக்கொண்டிருந்தவள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தபோது இடுப்புமுதுகு எலும்பின் அளவு என் வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக வந்தது. இதயம் பிரமாதம், எலும்பு சுமார். டாக்டர் விளக்கியபோதுதான் விளங்கியது: சைக்கிளில் நம் எடையைத் தாங்குவது சீட். எலும்புக்கு அதிர்ச்சியும் இல்லை, பாரமும் இல்லை. அதிக தூரம் ஓட்டும் ரோடு சைக்கிள்காரர்களிடம், ஆண்களிடமும்தான், முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். 38 வயதுக்காரரும் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது.

அதனால் பின்சக்கரம் ஐயா குதிப்பதை மொத்தமாகத் தூக்கி எறிந்தது எனக்கு ஒப்பில்லை. 40 நிமிடம் களைக்கக் களைக்கக் குதிப்பது வீண், அதை ஏற்கிறேன். ஆனால் பயிற்சியின் தொடக்கத்தில், கால் புதிதாக இருக்கும்போது, பத்துப் பதினைந்து குதி மட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நின்று, நிதானமாக, நல்ல தரையில். எலும்புக்கு அந்தச் சில அதிர்ச்சிகள் போதும், கூட்டிக்கொண்டே போவதால் பலன் அதே அளவில் கூடுவதில்லை. ஏற்கெனவே எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் குதிக்கவோ, குனிந்து எடை தூக்கவோ வேண்டாம்.

எடைப் பயிற்சியை வயதானவர்கள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள், தம்பி. முப்பதுகளிலேயே தசை மெல்ல இறங்க ஆரம்பித்துவிடுகிறது. நான் ஐம்பதில் தொடங்கியதை நீங்கள் 38இல் தொடங்குகிறீர்கள், கொடுத்து வைத்தவர்.

அளவுகோல் எழுதியது:

கீழ்முதுகைப் பற்றி யாரும் பேசவில்லையே. வீட்டுப் பயிற்சிக்கு முன்பிருந்தே வலி என்றால் முதலில் சைக்கிளைப் பாருங்கள், உடம்பை அப்புறம் பார்க்கலாம். சீட் அதிக உயரமாக இருந்தால் பெடல் அடியில் போகும்போதெல்லாம் இடுப்பு இடமும் வலமும் ஆடும், அந்த ஆட்டத்தை கீழ்முதுகு மணிக்கணக்கில் தாங்க வேண்டியிருக்கும். பின்னால் ஒருவரை வரச் சொல்லி போனில் வீடியோ எடுத்தால் உடனே தெரிந்துவிடும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டியின் மடக்கு 25 முதல் 35 டிகிரி இருப்பது வழக்கமான அளவு. முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் முதுகு வளைந்து பிடிக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் சில மில்லிமீட்டர் மட்டும். மாற்றிய பிறகு சில ரைடு பொறுங்கள்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் பிடிக்கிறது என்றால் அப்போது டெட் பக். இதை நிறைய பேர் பூச்சி கை கால் உதறுவதைப் போலவே வேகமாகச் செய்கிறார்கள். மல்லாந்து படுத்து, கீழ்முதுகு தரையை விட்டு எழாமல், எதிரெதிர்க் கையையும் காலையும் மூச்சை முழுதாக விட்டபடி நீட்ட வேண்டும். முதுகுக்கு அடியில் ஒரு துண்டை வைத்துக்கொள்ளுங்கள். கால் நீட்டும்போது யாராவது அதை உருவ முடிந்தால் அந்த ரெப் கணக்கில் வராது. ஒழுங்காகச் செய்தால் பக்கத்துக்கு ஆறுக்கு மேல் தாங்காது.

காலுக்குக் கீழே இறங்கும் வலி, மரத்துப்போவது, இருமினால் கூடுவது, இதில் எது இருந்தாலும் பிசியோவிடம் காட்டுங்கள். இங்கே கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

நிதானக்கியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அளவுகோல் சொன்னபடி வீடியோ எடுத்துப் பார்த்தேன். இடுப்பு ஆடத்தான் செய்கிறது, சீட்டை நான்கு மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறேன். முதுகுக்கு அது உதவுகிறதா என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். காலுக்குக் கீழே வலியெல்லாம் இல்லை.

செவ்வாய், வியாழன் மாலை என்று மாற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை மாலை சும்மா உட்கார்ந்திருப்பது ஏதோ குற்றம் செய்வது மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். செவ்வாய் மாலை எடை தூக்கிய வலி வியாழன் காலையும் மிச்சமிருந்தால் டெம்போவை ஓட்டலாமா, விடலாமா? பிஆர்எம் நெருங்கும்போது எடையை எப்போது நிறுத்துவது?

பி.கு.: ஸ்பிளிட் ஸ்குவாட்டில் நாற்காலி பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது. வழவழப்பான தரை.

பின்சக்கரம் எழுதியது:

இரண்டாம்ஆட்டம் அம்மா சொன்னதை ஏற்கிறேன். பத்துக் குதி, தொடக்கத்தில், புதுக் காலோடு. நான் திட்டியது 40 நிமிடக் குதியை.

வியாழன் காலை: பத்து நிமிடம் சுலபமாக ஓட்டிப் பாருங்கள். ரத்தம் ஓடியதும் இறுக்கம் தளர்ந்தால் டெம்போவை ஓட்டுங்கள். வழக்கமான வாட்ஸைத் தொடவே அதிகப்படியாகப் பாடுபட வேண்டியிருந்தால் சுலபமான ரைடாக மாற்றிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மாலையில் எடையை ஒரு செட் குறையுங்கள், மொத்தமாக விடாதீர்கள். நான்காவது வாரத்துக்குப் பிறகும் இதே கதை தொடர்ந்தால் நீங்கள் ஒவ்வொரு செட்டையும் கடைசிச் சொட்டு வரை பிழிகிறீர்கள் என்று பொருள். இரண்டு மிச்சம் வைக்கச் சொன்னேன், மறக்க வேண்டாம். வலி ஒரு பக்க முட்டியிலோ மூட்டிலோ மட்டும் குத்தினால் அது வேறு விஷயம், அன்றைக்கு இரண்டும் வேண்டாம்.

நிறுத்துவது பற்றி: மொத்தமாக நிறுத்தவே வேண்டாம், குறைத்தால் போதும். முதல் 12 வாரம் வாரம் இரண்டு முறை. அதன் பிறகு நீண்ட ரைடு 130, 150 என்று போகும்போது வாரம் ஒரு முறை, செட்டைக் குறைத்து, எடையைக் குறைக்காமல். ரோன்னெஸ்டாட் குழுவே இதையும் பார்த்திருக்கிறது. போட்டிப் பருவத்தில் வாரம் ஒன்று செய்தவர்களிடம் சேர்த்த பலம் 13 வாரம் வரை தங்கியது. முழுதாக நிறுத்தினால் சில வாரங்களில் கரைய ஆரம்பித்துவிடும். பிஆர்எம்முக்குப் பத்து நாள் முன்பு கடைசிக் கனமான பயிற்சி. அதற்குப் பிறகு வரும் வாரத்தில் எடையே இல்லாமல் ஒரு செட் போட்டுக் கால்களுக்கு ஞாபகப்படுத்தினால் போதும். பத்து நாளில் பலம் எங்கும் ஓடிவிடாது, களைப்பு மட்டும்தான் வடியும். அந்த வாரம் கை துறுதுறு என்று இருக்கும், சைக்கிளைத் துடையுங்கள், செயினுக்கு எண்ணெய் போடுங்கள், டம்பெல் பக்கம் போகாதீர்கள்.

திங்கட்கிழமைக் குற்ற உணர்ச்சிக்கு என்னிடம் மருந்து இல்லை. அடுத்த செவ்வாய் ஐந்தாவது இன்டர்வெல்லின் வாட்ஸை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், அடியில் பழைய ரப்பர் மிதியடி ஒன்றைப் போடுங்கள். நாற்காலியின் உயரம் உங்கள் முட்டிக்கு மேல் இருந்தால் அதை விட்டுவிட்டுப் படிக்கட்டின் இரண்டாவது படியில் செய்யுங்கள். படி நகராது.